நாடகமும் அரங்கியலும்: இலங்கைத் தமிழ்ப் பாடசாலைகளில் ஒரு பாடத்தின் வரலாறு

இலங்கையில் தமிழ்மொழி மூலம் கற்கும் மாணவர் ஒருவர் தரம் 6 இல் அழகியற் பாடம் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். சித்திரம், சங்கீதம், நடனம் ஆகியவற்றோடு அவர் முன் வைக்கப்படும் இன்னொரு பாடம் 'நாடகமும் அரங்கியலும்'. விரும்பினால் அதனை க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் தொடர்ந்து கற்கலாம். பின்னர் பல்கலைக்கழகத்தில் அதையே சிறப்புப் பாடமாகக் கொண்டு பட்டமும் பெறலாம். நாடகம் ஆடுவது படிப்பைக் கெடுக்கும் என்று பெற்றோர் அஞ்சிய ஒரு சமூகத்தில் நாடகமே படிப்பாக மாறியது. அந்த மாற்றம் ஏறத்தாழ அறுபது, எழுபது ஆண்டுகளில் நிகழ்ந்தது.

அது எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் மாணவர் பெற்றது என்ன, அதில் நாடகக் கலை இழந்தது ஏதேனும் உண்டா என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாடசாலைக்கு வெளியே இருந்த பள்ளி

பாடசாலையில் நாடகம் புகுவதற்கு நெடுங்காலம் முன்பே ஈழத்துக் கிராமங்களில் நாடகம் முறையாகக் கற்பிக்கப்பட்டு வந்தது. கற்பித்தவர் அண்ணாவியார். வகுப்பறை, கோயில் வெளியிலோ வயல் வெளியிலோ அமைக்கப்பட்ட களரி. பாடநூல், ஏட்டிலோ கொப்பியிலோ எழுதப்பட்ட கூத்துப் பிரதி.

மட்டக்களப்புக் கூத்து மரபில் இக்கல்விக்கு ஒழுங்கான படிநிலைகள் இருந்தன. முதலில் பாத்திரத்துக்கு ஏற்ற ஆளைத் தெரிவு செய்து அவருக்குரிய பாட்டும் வசனமும் அடங்கிய பகுதியைக் கையளிப்பார்கள். இது சட்டங் கொடுத்தல் எனப்படும். பின்னர் மாதக்கணக்கில் இரவு வேளைகளில் ஆட்டமும் பாட்டும் பழகுவார்கள். ஆட்டம் ஓரளவு கைவந்ததும் சதங்கை அணிதல் நடைபெறும். அதன்பின் முழுக் கூத்தையும் ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல். இறுதியில் அரங்கேற்றம். எழுத வாசிக்கத் தெரியாதவர்களும் நூற்றுக்கணக்கான பாடல்களை மனனஞ் செய்து, தாளம் பிசகாமல் விடியும்வரை ஆடினார்கள்.

இம்மரபு ஓரிடத்துக்கு மட்டும் உரியதன்று. மட்டக்களப்பில் வடமோடியும் தென்மோடியும் ஆடப்பட்டன. யாழ்ப்பாணத்தில் காத்தவராயன் கூத்தும், முல்லைத்தீவில் கோவலன் கூத்தும், மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரங்களிலும் கத்தோலிக்க நாட்டுக்கூத்துகளும் வழங்கின. மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடப்பட்டது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே பொல்லடி போன்ற ஆடல்கள் நிலவின. எல்லாவற்றிலும் பொதுவான ஒன்று உண்டு. ஆடியவர்கள் பெரும்பாலும் உழவரும் மீனவரும் தொழிலாளருமான எளிய மக்கள். ஆகவே ஆங்கிலங் கற்ற நகர்ப்புற நடுத்தர வகுப்பு, கூத்தைப் 'படியாதவர்களின் ஆட்டம்' என ஒதுக்கி வைத்தது. பாடசாலையோ அந்நடுத்தர வகுப்பின் கனவை நிறைவேற்ற எழுந்த நிறுவனம். எனவே கூத்துக்கு அதன் வாசலில் இடமிருக்கவில்லை.

சபா நாடகமும் பரிசளிப்பு விழாவும்

பாடசாலைக்குள் முதலில் நுழைந்தது வேறு வகையான நாடகம். சென்னையில் 1891 இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடக்கிய சுகுண விலாச சபை, கற்றவர்கள் நாடகம் நடிப்பது இழிவல்ல என்ற எண்ணத்தை வளர்த்தது. அச்சபை 1911 இல் கொழும்புக்கு வந்து நாடகங்களை மேடையேற்றியது. அதன் தாக்கத்தால் இங்கு இலங்கா சுபோத விலாச சபா 1913 இல் தோன்றியது. அதன் முக்கியத் தூணாக விளங்கியவர் கலையரசு க. சொர்ணலிங்கம் (1889–1982). வழக்கறிஞரும் எழுதுவினைஞரும் ஆசிரியரும் மேடையேறத் தொடங்கியதும், பாடசாலை மண்டபத்தின் கதவும் நாடகத்துக்குத் திறந்தது.

ஆயினும் அங்கு நாடகம் விருந்தாளியாகவே இருந்தது. பரிசளிப்பு விழா, கலைமகள் விழா, ஒளிவிழா என ஆண்டுக்கு ஒருமுறை வரும். புராணக் கதையோ ஷேக்ஸ்பியர் நாடகத்தின் ஒரு காட்சியோ மேடையேறும். தமிழாசிரியர் பிரதியெழுதுவார். நன்றாக உச்சரிக்கும் பிள்ளைக்கு அரச வேடம். குரல் எழும்பாத பிள்ளைக்குச் சேவகன் வேடம், அல்லது திரை இழுக்கும் வேலை. விழா முடிந்ததும் அட்டைக் கிரீடங்கள் அலுமாரிக்குள் போய்விடும். நாடகத்தினால் மாணவரிடம் என்ன மாற்றம் நிகழ்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. விழாவின் வெற்றியே அளவுகோல்.

இரண்டு பேராசிரியர்கள்

நாடகம் ஆராய்ந்து கற்கத்தக்க ஒரு துறை என்பதை ஈழத்தில் முதலில் உணர்த்தியவர்களுள் சுவாமி விபுலாநந்தர் (1892–1947) முதன்மையானவர். காரைதீவிற் பிறந்து பாடசாலை ஆசிரியராகப் பணியாற்றிய அவர், பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். அவரது 'மதங்க சூளாமணி' 1926 இல் வெளிவந்தது. உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல் என்ற மூன்று பகுதிகளைக் கொண்டது அந்நூல். வடமொழித் தசரூபகத்தையும் தமிழ் நாடக இலக்கணச் செய்திகளையும் ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களையும் அது ஒருசேர நோக்கியது. ஷேக்ஸ்பியரை 'செகசிற்பியார்' என்று அழைத்தவர் அவரே. உலக நாடகத்தைத் தமிழ்ச் சொற்களால் பேச முடியும் என்பதற்கு அந்நூல் சான்றாக நின்றது. பிற்காலத்தில் அரங்கியல் பாடத்துக்குக் கலைச்சொல் ஆக்கியவர்கள் நடந்த பாதையின் தொடக்கமாக இதனைக் கொள்ளலாம்.

அடுத்தவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை (1903–1968). அவருடைய 'நானாடகம்' 1940 இல் நூலாக வந்தது. யாழ்ப்பாணத்து வீடுகளில் மக்கள் பேசும் மொழியிலேயே அவர் பாத்திரங்களைப் பேசவிட்டார். அரசர்களும் தேவர்களும் செந்தமிழில் முழங்கிக்கொண்டிருந்த மேடையில் உடையாரும் விதானையாரும் தம் சொந்தப் பேச்சுடன் வந்து நின்றார்கள். அவற்றைப் பல்கலைக்கழக மாணவர் நடித்தார்கள். அன்றாட வாழ்க்கை நாடகமாகலாம் என்ற பாடம் இங்கிருந்தே பாடசாலைகளுக்குச் சென்றது. இம்மாணவர்களே பின்னர் பட்டதாரி ஆசிரியர்களாக ஊர்களுக்குத் திரும்பினார்கள்.

இலவசக் கல்வி கூத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு சென்ற கதை

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமங்களை அண்டி மத்திய பாடசாலைகள் எழுந்தன. 1960 இல் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் சுயமொழிக் கல்வி தொடங்கியது. அதுவரை ஆங்கிலங் கற்ற சிலருக்கே எட்டிய பேராதனைக்குக் கிராமத்துப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். அவர்களுட் சிலர் கூத்துக் களரியின் ஓரத்தில் வளர்ந்தவர்கள். மத்தளச் சொற்கட்டு அவர்கள் காதில் இருந்தது.

அங்கு அவர்களைச் சந்தித்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் (1924–1989). சிங்கள நாடகத் துறையில் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' 1956 இல் மேடையேறிப் பெரும் அலையை எழுப்பியிருந்தது. அந்நாடகம் நாடகம என்ற மரபு வடிவத்தை ஆதாரமாகக் கொண்டது. அந்த நாடகமவோ தமிழ்க் கத்தோலிக்கக் கூத்தோடு உறவுடையது. தமிழிலிருந்து சென்ற வடிவத்தைக் கொண்டு சிங்களத்தில் ஒரு தேசிய நாடகம் பிறக்குமானால், தமிழர் தம் கூத்தை ஏன் புறக்கணிக்க வேண்டும்? இக்கேள்வி வித்தியானந்தனை இயக்கியது.

அவர் மட்டக்களப்பு வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரைப் பேராதனைக்கு அழைத்து மாணவரைப் பழக்குவித்தார். 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவை தொடர்ந்து மேடையேறின. விடியவிடிய நிகழ்ந்த கூத்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கியது. நான்கு புறமும் மக்கள் சூழ்ந்திருந்த வட்டக்களரி மறைந்து, ஒரு புறம் மட்டும் பார்ப்போர் அமரும் படச்சட்ட மேடை வந்தது. களரியின் நடுவில் நின்ற அண்ணாவியார் மேடையின் ஓரத்துக்குச் சென்றார். 'கர்ணன் போர்' கூத்தில் கர்ணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு. 'இராவணேசன்' பிரதியை எழுதியவரும் அவரே. இந்தப் பெயர் இப்பாட வரலாற்றில் மீண்டும் வரும்.

ஒரு பேராசிரியர் கூத்தைத் தொட்டவுடன் அது 'கற்கத்தக்க' கலையாகிவிட்டது. இது மகிழ்ச்சிக்குரியதே. தலைமுறை தலைமுறையாக அதைக் காத்த அண்ணாவிமாரின் சொல்லுக்குக் கிடைக்காத மதிப்பு, பல்கலைக்கழக முத்திரைக்குக் கிடைத்தது என்பதும் அதே உண்மையின் மறுபக்கம்.

போட்டிக் களம்

வித்தியானந்தன் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுத் தலைவராகவும் இருந்தார். அக்குழு நாடகப் பிரதிப் போட்டிகளை நடத்தியது. அண்ணாவிமாரைக் கௌரவித்தது. பழைய கூத்துப் பிரதிகள் பதிப்பிக்கப்பட்டன. 'அலங்காரரூபன் நாடகம்', 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்', 'மூவிராசாக்கள் நாடகம்', 'ஞானசவுந்தரி நாடகம்' ஆகியன 1960களில் வித்தியானந்தனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அச்சேறின. பாடசாலைகளுக்கிடையே கூத்துப் போட்டிகளும் நடந்தன. பாடசாலை வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டிருந்த அண்ணாவியார், பிள்ளைகளைப் பழக்க உள்ளே அழைக்கப்பட்டார்.

இவ்வழக்கம் இன்றும் தமிழ்மொழித் தினப் போட்டிகளில் தொடர்கிறது. பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம் எனப் படிப்படியாகச் சென்று தேசிய மட்டத்தில் முடியும் இப்போட்டிகளில் நாட்டுக்கூத்தும் இசை நாடகமும் வில்லுப்பாட்டும் இடம்பெறுகின்றன. பல பிள்ளைகள் வாழ்க்கையில் முதன்முதலாகச் சதங்கை கட்டுவது இப்போட்டிக்காகத்தான். அதே வேளையில் போட்டிக்கே உரிய குறையும் உண்டு. வெல்ல வேண்டுமென்றால் ஏற்கெனவே நன்றாக ஆடுபவரையே சேர்க்க நேரிடும். நாடகம் யாருக்கு மிகவும் தேவையோ அந்தக் கூச்சமுள்ள பிள்ளை வெளியே நிற்கும்.

ஆசிரியர்கள் மாணவர்களான காலம்

1972 இல் வந்த கல்விச் சீர்திருத்தம் அழகியற் கல்விக்குப் பொதுக் கலைத்திட்டத்தில் இடமளித்தது. ஆயினும் நாடகத்தைப் பாடமாகக் கற்பிக்க ஆசிரியர் வேண்டுமே. 1970களின் பிற்பகுதியில் கொழும்புப் பல்கலைக்கழகம் நாடகமும் அரங்கியலும் என்ற துறையில் ஆசிரியர்களுக்குப் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை நடத்தியது. அதைப் பயின்றவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்து ஆசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம். 1931 இல் பிறந்த அவர் அப்போது நாற்பதைத் தாண்டியவர், பல ஆண்டுகள் நாடகம் நடித்தவர். ஆயினும் திரும்பவும் மாணவராக அமர்ந்து கற்றார்.

கற்றதோடு நிற்கவில்லை. 1978 இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கினார். அரங்க விளையாட்டு, குரற் பயிற்சி, உடற் பயிற்சி, புத்தளிப்பு எனப்படும் முன்னாயத்தமற்ற நடிப்பு, குழுவாக இயங்கும் முறை ஆகியன அங்கு பழக்கப்பட்டன. வசனத்தை மனனஞ் செய்து ஒலிவாங்கியின் முன் நின்று ஒப்புவிப்பதே நடிப்பு என்றிருந்த காலத்தில் இது புதிய அணுகுமுறை. அரங்க விளையாட்டில் தோற்பவர் இல்லை. வட்டமாக நிற்கும்போது முதல் வரிசையும் கடைசி வரிசையும் இல்லை. வகுப்பறையில் வாய் திறவாத பிள்ளை அங்கே ஒரு மரமாகவோ காற்றாகவோ மாறி, மெல்ல மெல்லத் தன் குரலைக் கண்டெடுக்கும்.

சிறுவர் அரங்கும் இக்காலத்தில் வளர்ந்தது. சண்முகலிங்கத்தின் 'கூடி விளையாடு பாப்பா', மௌனகுருவின் 'தப்பி வந்த தாடி ஆடு' போன்ற நாடகங்கள் பிள்ளைகளைப் பெரியவர்களின் சிறு நகல்களாகக் காட்டாமல், பிள்ளைகளின் ஆடலும் பாடலும் குதூகலமும் கொண்டு அமைந்தன. விலங்குகளும் பறவைகளும் பேசின. பரிசளிப்பு விழாவின் அட்டைக் கிரீடத்திலிருந்து இது வெகுதூரம்.

உயர்தரத்தில் ஒரு புதிய பாடம்

யாழ்ப்பாணத்தில் 1974 இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது. பின்னர் அது தனிப் பல்கலைக்கழகமாகியது. 1980களில் அங்கு ஒரு நல்ல சேர்க்கை அமைந்தது. துணைவேந்தராக வித்தியானந்தன் இருந்தார். பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆய்வு செய்து பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற கார்த்திகேசு சிவத்தம்பி (1932–2011) பேராசிரியராக இருந்தார். மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்வு செய்த மௌனகுரு விரிவுரையாளராக வந்தார். சண்முகலிங்கமும் கற்பித்தார். நாடகமும் அரங்கியலும் நுண்கலைத் துறையில் பட்டப் படிப்பாக வளர்ந்தது.

அதே பத்தாண்டில் யாழ்ப்பாணப் பாடசாலைகளில் க.பொ.த. உயர்தர மாணவர் இதனை ஒரு பாடமாகக் கற்றனர். பாடநூல் இல்லை. தமிழில் மூலநூல்களும் அரிது. ஆசிரியர்களும் விரிவுரையாளர்களும் குறிப்புகளை எழுதி, கல்லச்சிலும் தட்டச்சிலும் படியெடுத்துக் கொடுத்தார்கள். கிரேக்க அரங்கின் கட்டமைப்பு, சமஸ்கிருத அரங்கு, எலிசபெத் கால அரங்கு, ஸ்ரனிஸ்லவ்ஸ்கியின் நடிப்பு முறை, பிறெக்ற்றின் காவிய அரங்கு ஆகியன பற்றித் தமிழ்ப் பிள்ளை ஒருவர் தாய்மொழியில் எழுதும் நிலை உருவானது. அளிக்கை, ஆற்றுகை, நெறியாள்கை, எழுத்துரு, காட்சி விதானிப்பு, வேட உடை, களப்பயிற்சி என்று இன்று நாம் இயல்பாக வழங்கும் சொற்கள் அக்கால வகுப்பறைகளிற் புழங்கிப் பதிந்தவை.

கிழக்கிலும் இவ்வளர்ச்சி நிகழ்ந்தது. வந்தாறுமூலையில் 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்தது. செல்லையா அண்ணாவியாரின் அதே ஊர். மௌனகுரு பின்னர் அங்கு சென்று நுண்கலைத் துறையை வளர்த்தார். அப்பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இப்பாடத்தைக் கற்பிக்கிறது. இவ்வாறு பாடசாலையில் கற்றவர் பல்கலைக்கழகம் சென்று, பட்டதாரியாகி, மீண்டும் பாடசாலைக்கு ஆசிரியராக வரும் வட்டம் நிறைவுற்றது. ஒரு பாடம் வேரூன்ற இந்த வட்டம் இன்றியமையாதது.

போர்க்காலத்துப் பிள்ளைகள்

இப்பாடம் வளர்ந்த காலமும் போர் வளர்ந்த காலமும் ஒன்றே. இதனை மறந்து இதன் வரலாற்றை எழுத முடியாது. 1985 இல் சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த 'மண் சுமந்த மேனியர்' பல்கலைக்கழக மாணவரால் ஊர் ஊராக ஆற்றுகை செய்யப்பட்டது. மண்டபத்துக்குள் அடங்கியிருந்த நவீன நாடகம் மக்கள் கூடும் வெளிக்கு வந்தது. பிள்ளைகள் புலம்பெயர்ந்து போக ஊரில் தனித்துவிடப்பட்ட முதியவர்களை 'எந்தையும் தாயும்' காட்டியது. போரினால் மனம் குலைந்தவர்களின் நிலையை 'அன்னை இட்ட தீ' பேசியது.

பாடசாலையிலும் நாடகத்தின் பொருள் மாறியது. இடம்பெயர்ந்த பிள்ளைகள் மரநிழலிலும் கொட்டிலிலும் படித்தார்கள். தந்தையை இழந்த பிள்ளையிடம் கட்டுரை எழுது என்று சொல்வதைவிட, வட்டத்தில் நின்று கைகோத்து விளையாடு என்று சொல்வது எளிதாக இருந்தது. துன்பத்தை நேரே சொல்லத் தெரியாத பிள்ளை, அதனை ஒரு பாத்திரத்தின் வாயால் சொன்னது. அரங்கு ஓர் ஆற்றுப்படுத்தும் வழி என்ற எண்ணம் ஈழத்து நாடக ஆசிரியரிடையே வலுப்பெற்றமைக்கு இந்த அனுபவமே காரணம். பாடத்திட்டத்தில் ஓரிரு வரிகளாக உள்ள 'அரங்கின் பயன்' என்ற தலைப்புக்குப் பின்னால் ஒரு தலைமுறையின் கண்ணீர் இருக்கிறது.

இன்றைய பாடத்தின் அமைப்பு

இன்று தரம் 6 முதல் 9 வரை இப்பாடம் பெரும்பாலும் செயற்பாட்டை அடிப்படையாகக் கொண்டது. பாவனை செய்தல், அரங்க விளையாட்டு, கதையை நாடகமாக்கல், நாட்டார் ஆடல்களை அறிதல் ஆகியன அதில் அடங்கும். தரம் 10, 11 இல் சாதாரண தரப் பரீட்சைக்கான பாடம். எழுத்துப் பரீட்சையுடன் செயன்முறைப் பரீட்சையும் உண்டு. உயர்தரத்தில் உலக அரங்க வரலாறு, தமிழ் நாடக வரலாறு, ஈழத்து அரங்கு, நாடகப் பிரதிகள், தயாரிப்பு முறைகள் ஆகியன விரிவாகக் கற்கப்படுகின்றன. 1985 இல் நிறுவப்பட்ட தேசிய கல்வி நிறுவகம் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் தயாரிக்கிறது.

இப்பாடத்தின் சிறப்பை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய மேடையின் அளவு கூறப்படுகிறது. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று வகைத் திரைகள். தமிழ்ப் பாடத்தில் மாணவர் இதனை இலக்கியச் செய்தியாக மனனஞ் செய்வார். அரங்கியல் ஆசிரியர் மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு கீறி, அதே விகிதத்தில் ஒரு மேடையை வரையச் சொல்வார். நின்று பார்த்தவுடன் கேள்விகள் எழும். நடிகர் எங்கிருந்து வருவார்? திரை எப்படி நகரும்? தூண் நிழல் ஆடுபவர்மேல் விழாதா? இரண்டாயிரம் ஆண்டு மரபு என்று வாயாற் சொல்வதும் அதன்மேல் காலூன்றி நிற்பதும் ஒன்றல்ல.

இவ்வாறே வட்டக்களரியையும் படச்சட்ட மேடையையும் ஒப்பிடலாம். ஒரே பாட்டை முதலில் நண்பர்கள் நான்கு புறமும் சூழ்ந்து நிற்க ஆடட்டும். பின்னர் ஒரு பக்கம் மட்டும் பார்க்க ஆடட்டும். முதுகு காட்டக் கூடாது என்ற விதி எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று மாணவரே கண்டுகொள்வார். பேராதனையில் 1962 இல் நிகழ்ந்த மாற்றத்தின் ஆழம் அப்போது புரியும்.

எதிர்நோக்கும் சிக்கல்கள்

முதலாவது சிக்கல், இப்பாடம் 'இலகுவாகப் புள்ளி எடுக்கும் பாடம்' என்று பெயர் பெற்றமை. கணிதமும் விஞ்ஞானமும் வராத பிள்ளையை இங்கு அனுப்புங்கள் என்று சொல்லும் பெற்றோரும் உண்டு. அப்படி வந்த பிள்ளைகள் சிலர் இங்கேதான் முதன்முறை பாராட்டுப் பெற்றார்கள் என்பது வேறு விடயம். ஆனால் ஒரு பாடத்தைக் கழிவிடமாக நினைத்தால் அதற்கு நேரசூசியில் கடைசிப் பாடவேளையும், கட்டடத்தில் கடைசி மூலையுமே கிடைக்கும்.

இரண்டாவது, பரீட்சை. எது பரீட்சிக்கப்படுகிறதோ அதுவே கற்பிக்கப்படும். வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள ஐந்து வேறுபாடுகளை வரிசையாக எழுதும் மாணவர், ஒரு தாளக்கட்டுக்குக் கூடக் கால் வைத்தறியாமல் சிறப்புச் சித்தி பெறக்கூடும். செயன்முறைப் பரீட்சை இக்குறையைத் தடுப்பதற்காகவே உள்ளது. ஆனால் அதற்கும் கடைசி வாரங்களில் அவசரமாகத் தயாராகும் வழக்கம் வந்துவிட்டால் அதன் நோக்கம் தோற்றுவிடும். தனியார் வகுப்புகளில் நூற்றுக்கணக்கானோர் வாங்கில் நெருங்கியிருந்து நாடகத்தைக் குறிப்பெடுத்துக் கற்கும் காட்சியை விட முரணான ஒன்றைக் கற்பனை செய்வது கடினம்.

மூன்றாவது, இடமும் ஆளும். இப்பாடத்துக்கு வேண்டியது ஒரு வெறும் மண்டபம். தளபாடமற்ற, ஓடியாடக்கூடிய, சத்தமிட்டால் அயல் வகுப்புக் குழம்பாத இடம். அதுகூடப் பல பாடசாலைகளில் இல்லை. சிறிய கிராமப் பாடசாலைகளுக்கும் மலையகப் பாடசாலைகளுக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடைப்பது மேலும் அரிது. பக்கத்து லயத்தில் ஆண்டுதோறும் காமன் கூத்து நடக்கும். பாடசாலையிலோ அதனைக் கற்பிக்க ஆசிரியர் இல்லாமல் பாடமே நடவாது.

நான்காவது சிக்கல் மிக நுட்பமானது. அண்ணாவியாருக்கு இப்பாடத்தில் இடம் எது? பாடநூலில் அவருடைய படம் உண்டு. பரீட்சைத் தாளில் அவரைப் பற்றிய வினா உண்டு. ஆனால் பட்டச் சான்றிதழ் இல்லாத அவர் ஆசிரியராக முடியாது. மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவ்வூர் மக்களும் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் இக்கேள்வியை வேறு கோணத்தில் எழுப்பியது. கூத்தை அதன் ஊரிலிருந்து பெயர்த்து மேடைக்குக் கொண்டுவருவதா, அல்லது கற்றவர் ஊருக்குச் சென்று அங்குள்ள கலைஞரோடு சேர்ந்து கூத்தை வளர்ப்பதா? இரு தரப்பிலும் நியாயம் உண்டு. வித்தியானந்தன் மேடைக்குக் கொண்டுவராதிருந்தால் இப்பாடமே தோன்றியிராது. ஊர்க் களரி அற்றுப்போனால் இப்பாடத்துக்கு உயிரும் இராது.

நிறைவாக

விருந்தாளியாக வந்த நாடகம் போட்டியாளனாகி, பின் பாடமாகி இன்று பாடசாலையின் குடும்பத்தவனாக உள்ளது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒன்று கிடைத்தது, ஒன்று நழுவியது. விழா நாடகம் மேடைப் பழக்கத்தைத் தந்தது, ஆனால் சிலருக்கு மட்டும். போட்டி கூத்தை உள்ளே கொணர்ந்தது, ஆனால் வெல்பவரையே தேடியது. பாடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது, ஆனால் பேனாவை முன்வைத்தது.

இப்பாடத்தைக் கற்கும் மாணவர்களுக்கு முன்னாள் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்கள் ஊரிலோ அயலூரிலோ கூத்தாடிய முதியவர் ஒருவர் இருப்பார். பரீட்சைக்கு முன் ஒருமுறையேனும் அவரிடம் போய் உட்காருங்கள். ஒரு பாட்டைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். அவர் பாடத் தொடங்கும்போது கை தானாகத் தொடையில் தாளம் போடும். பாடநூலில் 'தாளக்கட்டு' என்ற சொல்லுக்கு எதிரே எழுதப்பட்டிருப்பது என்னவென்று அப்போது விளங்கும். அவர் இருக்கும் போதே கேட்டுவிட வேண்டும். அச்சடித்த பாடநூலை அடுத்த ஆண்டும் வாங்கலாம்.